ஒன்பதாவது ஆள்

“ரெண்டு பேரும் சமம்ப்பா. இன்னொரு தடவ கணக்குப் போட்டுப் பாக்கணும்” என்று ரெனாட்டா சொன்னபோது, கட்டிலில் கிடந்த காஸிமிர் டோம்ப்ரோவ்ஸ்கி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். இரண்டையும் திறக்கிற அளவுக்கு அந்தப் பேச்சு பெறாது என்று நினைத்திருப்பார்.

“நேத்து ஃபின்ச் முன்னால இருந்தானே?”

“இருந்தான்.”

“அவன் செத்து நாப்பது வருஷம் ஆச்சும்மா. ராத்திரியோட ராத்திரியா எந்திரிச்சு வந்து ஆடி, அவுட்டாயிட்டுப் போய்ப் படுத்துக்கிட்டானா?”

ரெனாட்டா மடிக்கணினியின் திரையை மேலும் கீழும் நகர்த்தினாள். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். எண்ணில் பொய் சொல்வது அவளுக்கு இதுதான் முதல் தடவை. பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை.

மில்பர்னின் ஹெரன்ஸ் அணிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அந்த நூறு வருஷத்தில் ஆடியவர்களில் இருந்து ஒன்பதே பேரைப் பொறுக்கி, ஈடு இணையில்லாத ஒரு பேஸ்பால் அணியைச் சமைக்க வேண்டும். அப்பாவும் மகளும் அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதைச் செய்கிறார்கள், இன்னும் முடிந்தபாடில்லை. அவருக்குக் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் சாட்சி. அவளுக்கு எண்தான் சாட்சி. ஏஸா குரோவர் வலது மூலையிலிருந்து எறிந்த பந்து ஆற்றைத் தாண்டிப்போய் அக்கரையில் நிலக்கரிப் படகோட்டியின் தொப்பியைத் தட்டிவிட்டது என்பார் அவர். படகோட்டி கோபத்தில் திருப்பி எறிந்தானாம், குரோவர் அதையும் பிடித்து இன்னொருத்தனை அவுட்டாக்கினானாம். ஆறு அவ்வளவு அகலமாயிற்றே என்று அவள் கேட்டால், “அந்த வருஷம் மழை கம்மி” என்பார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து, இனி எந்த நேரமும் இருக்கலாம் என்று கதவோரமாய்ச் சொல்லிவிட்டுப் போனார். காஸிமிரின் காது அதற்கு மட்டும் நன்றாகக் கேட்டது. “டீம முடிக்காம நான் போறதா இல்ல” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ரெனாட்டா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முடியாதவரை போகமாட்டார் என்றால், முடிக்காமல் இருந்தால் போதும். இப்படி ஒரு மாணவன் எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பாள். ஆனாலும் ஒவ்வொரு ஆள் உறுதியானபோதும் அவர் எதையாவது ஒன்றை விட்டார். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்கிற ஷார்ட்ஸ்டாப் அமைந்த அன்று அவர் சூப்பை வேண்டாம் என்றார். வலது மூலைக்குக் குரோவர் அமைந்த அன்று எழுந்து உட்காருவது நின்றது. இப்போது எட்டு இடம் நிரம்பிவிட்டது. எறிபவனுக்கு எதிரே முகமூடி மாட்டிக் குந்துகிற கேட்ச்சர் இடம் ஒன்றுதான் காலி. அதற்கு ஃபின்ச்சா, ப்ரொஹாஸ்காவா?

காஸிமிரின் மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை. ரெனாட்டாவும் மூச்சை நிறுத்திக்கொண்டாள். சுவரில் மாட்டியிருந்த சிலுவையையும் ஜன்னலையும் பார்த்தாள், அவரை மட்டும் பார்க்கவில்லை. பிறகு அவர் மூச்சு, வழி தவறிப்போய் விசாரித்துக்கொண்டு வந்ததுபோல வந்து சேர்ந்தது.

சமையலறையில் தம்பி லியோ உட்கார்ந்திருந்தான். வெள்ளிக்கிழமையிலிருந்து அப்பா படுத்திருக்கிற முன்னறைக்குள் அவன் காலெடுத்து வைக்கவில்லை. இளவயதில் ஹெரன்ஸுக்கு ஒரு பருவம் பந்தெறிந்தவன். எதிரணியில் ஒருத்தனும் அடிக்க முடியாதபடி ஒரு பிட்சர் எறிந்துகொண்டே போனால், கூட ஆடுகிறவர்கள் அவனோடு பேசமாட்டார்கள், பக்கத்தில் உட்காரமாட்டார்கள். அதைப் பற்றி வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே எல்லாம் கலைந்துவிடும் என்பது ஆட்டக்காரர்களின் நம்பிக்கை. அப்பா இன்னும் ஆட்டத்தில் இருக்கிறார், அதைக் கலைக்க லியோவுக்குத் துணிவில்லை. ராசி கெட்டுவிடும் என்று வெள்ளிக்கிழமை போட்ட சாக்ஸைக்கூடக் கழற்றவில்லை. அது வீட்டுக்கே தெரிந்துகொண்டிருந்தது.

மத்தியானம் நர்ஸ் ஒலேனா வந்தாள். உக்ரைனிலிருந்து வந்தவள், இந்த ஆட்டத்தின் தலைகால் தெரியாது. அவரை மெல்லப் புரட்டிப் படுக்கவைத்து, உதட்டை ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டு, சூடா காப்பி வேணுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்:

“பயமா இருக்கா, ஐயா?”

சமையலறையில் நாற்காலி கிறீச்சிட்டது.

“இருக்கு” என்றார் காஸிமிர்.

ரெனாட்டா திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். அறுபது வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை.

“பந்து உசரப் போயி வெயில்ல மறஞ்சுடும்மா. வருதுன்னு தெரியும். தலைக்கு மேலதான் வருதுன்னு தெரியும். எங்கன்னு தெரியாது. கையத் தூக்கிட்டு நிக்கணும்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “அப்படி இருக்கு. ரெனாட்டா, நீ வேற பொய் சொல்ற.”

“இல்லப்பா...”

“ஃபின்ச்ச எனக்குப் பிடிக்காது. கடைசி ஆட்டத்துல கைக்கு வந்த பந்த விட்டவன். எங்கப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. ஆனா நீ இத்தன வருஷம் எங்கிட்டக் கறாரா இருந்தியே, அதாம்மா எனக்குத் தெம்பு. எண் என்ன சொல்லுது? சொல்லு.”

சொல்லவே கூடாது என்று நினைத்தாள். அவர் இரண்டு கண்ணையும் திறந்துவைத்திருந்தார்.

“ஃபின்ச்” என்றாள். “ரொம்பத் தள்ளி முன்னால, ஃபின்ச்.”

“வரிசைய வாசி.”

வாசித்தாள். முதலில் மட்டை பிடிப்பவனில் தொடங்கி ஒவ்வொரு பெயராக, கிணற்றுக்குள் இறங்குகிறவள் படியைக் காலால் தடவுவதுபோல. எட்டாவது குரோவர். அடுத்தது ஃபின்ச். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒன்றும் ஆகவில்லை.

“என்னடி கண்ண மூடிக்கிட்டு நிக்கிற?” என்றார் காஸிமிர். “ஜெபமா?”

ரெனாட்டாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டதில் விக்கல்தான் வெளியே வந்தது.

“மட்டை பிடிக்க ஒம்போது பேர் ஆச்சு. பந்த யார் எறியறது, உங்க பாட்டனா?” என்றார். “பிட்சர் எல்லாம் பாக்கி கெடக்கு. கடைசி இன்னிங்ஸ முடிச்சுக் குடுக்க எடக்கைக்காரன் ஒருத்தன் வேணும். விட்லோ எப்படி?”

“விட்லோவா?” என்று சமையலறையிலிருந்து ஒரு சத்தம். அதன் பின்னாலேயே லியோவும், அவன் சாக்ஸும். “விட்லோவா? உங்களுக்குப் புத்தி கித்தி மாறிப்போச்சா? மார்க்கெட்டி இருக்கும்போது விட்லோவா?”

“வாடா” என்றார் காஸிமிர். “ஊர்ல இருந்து எப்ப வந்த?”

லியோ கட்டிலின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டான். ஆனால் சண்டையை அக்காவோடுதான் போட்டான்.

“மார்க்கெட்டி எறிஞ்சா மழையே பயந்து நிக்கும்க்கா.”

“தப்புத் தப்பா எறிஞ்சு, மூணுல ஒருத்தன நடக்கவிட்டே முதல் தளத்துக்கு அனுப்பிவச்சவன்டா அவன். தர்மசத்திரமா நடத்துறோம்?”

“அது அம்பயருக்குக் கண்ணு தெரியாதது!”

“அவன் ஆடின பதினோரு வருஷமும் எல்லா அம்பயருமா குருடு?”

“ஆமா. எங்கிட்ட கேளு, நான் பாத்திருக்கேன்.”

காஸிமிரின் வாயோரம் லேசாக இழுத்துக்கொண்டது. கண் மூடியிருந்தது. லியோ, மார்க்கெட்டி ஒரு தடவை பந்தை எறிந்துவிட்டு அது போய்ச் சேருவதற்குள் மூக்கைச் சிந்திக்கொண்ட கதையை ஆரம்பித்தான். ரெனாட்டா அந்தப் பருவத்து எண்களைத் தேடி எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஒலேனா அவரது மணிக்கட்டில் விரல் வைத்தாள். சற்று நேரம் வைத்தபடியே இருந்தாள். பிறகு அந்தக் கையைப் போர்வைமேல் மெல்லப் படுக்கவைத்து, தன் கைகளைக் கோத்துக்கொண்டு, இவர்கள் பேச்சு எங்காவது நிற்குமா என்று மரியாதையாகக் காத்து நின்றாள்.

லியோவின் முதுகு அவள் பக்கம். ரெனாட்டாவின் முகம் அவளுக்கு நேரே.

“சரிடா, உள்ளூர் ஆட்டத்தத் தள்ளிடு” என்றாள் ரெனாட்டா தம்பியிடம், அவசர அவசரமாக. “வெளியூர் ஆட்டத்த மட்டும் எடுத்துக்கோ. அதுலயும் வெயில்ல ஆடினது தனி, மழைக்கப்புறம் ஆடினது தனி. இரு, இன்னும் சொல்லி முடிக்கல...”