முகம் காட்டாத சமையல்

காயல்பட்டினத்து ரஹ்மத்துன்னிஸாவின் சமையல் சேனலில் அவள் முகம் ஒருநாளும் தெரிந்ததில்லை. இரண்டு கைகள், ஒரு சட்டி, ஒரு குரல், அவ்வளவுதான். அந்தக் குரலை நம்பி ஆறாயிரம் பேர் இறால் வாடா சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

விளம்பர வருமானத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். முதல் பணத்தில், தெருப் பெண்கள் கூடித் தொழும் தைக்காவுக்கு மின்விசிறி வாங்கித் தருவதாக மனதுக்குள் நிய்யத்து வைத்திருந்தாள். நோன்புக்கு இரண்டு மாதம் இருந்தது.

வந்தது மறுப்பு. கல்லூரியில் படிக்கும் மகள் ஹனீன் வாசித்துச் சொன்னாள்.

"அடுத்தவங்க வீடியோவை எடுத்துப் போடுத சேனலாம், உம்மா. காசு கிடையாதாம்."

"யாரு வீடியோவ எடுத்தேன்? என் சட்டிதானே அது?"

"நீங்கதான் செய்யுதீங்கன்னு காட்டி அஞ்சு நிமிஷ வீடியோ அனுப்பி அப்பீல் பண்ணலாம். அதுவும் போச்சுன்னா மூணு மாசம் கழிச்சுத்தான் மறுபடி கேக்க முடியும். நோன்பே முடிஞ்சிரும்."

"முகத்தக் காட்டணுமா?"

"காட்டுனா நம்புவாங்க. வெறும் கை யாரு கையா வேணாலும் இருக்கலாமே."

ரஹ்மத்துன்னிஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அது மட்டும் நடக்காது.

ஹனீன் தேடிப் பிடித்தாள். தூத்துக்குடி மில்லர்புரத்தில் மசாலாப்பொடி விற்கும் ரீனா என்பவளின் சேனலில், எட்டு வீடியோக்களில் உம்மாவின் கைகள்! குரல் மட்டும் ரீனாவுடையது. ஒரே கை இரண்டு சேனலில் இருந்தால் எது அசல் என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

"புகார் குடுத்துருதேன், உம்மா."

"பொறு. மொதல்ல பேசுவோம்."

பொடி விற்பதற்கான எண் அங்கேயே இருந்தது. ரஹ்மத்துன்னிஸா ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அய்யோ, அது உங்க கையாக்கா?" ரீனா பதறினாள். "மாதா மேல ஆணையா, முகமே இல்லையேன்னு ஏதோ கம்பெனி வீடியோன்னுல்லா நெனச்சேன்! புகார் குடுத்துராதீங்க. ஏற்கெனவே ரெண்டு வாங்கிட்டேன். மூணாவது வந்தா சேனலையே மூடிருவான்."

பக்கத்தில் நின்ற ஹனீன், அழுத்தவா என்று விரலை ஆட்டிக் காட்டினாள். உம்மா அந்த விரலைப் பிடித்து மடக்கினாள்.

"குடுக்கல. அழிச்சிரு, போதும். அப்புறம், வாடாவுக்கு நீ சோம்புன்னு சொல்லுதியே, அது சீரகம்மா."

"சீரகமா! அதான் கமென்ட்ல ஒருத்தி அந்தத் திட்டு திட்டிருக்கா."

மூவரும் சிரித்துவிட்டார்கள். அப்பீல் விஷயத்தைக் கேட்டதும் ரீனா சிரிப்பை நிறுத்தினாள். "என்னால வந்த வினை. நாளைக்கே வாரேன்க்கா."

வந்தாள், இரண்டு பொட்டலம் பொடியோடு. அரிசிமாவில் தேங்காயும் இறாலும் சேர்த்து ரஹ்மத்துன்னிஸா வாடா தட்ட, அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் ரீனா தன் முகத்தை நீட்டினாள்.

"பாருங்க, இதுதான் அசல் கை. என் பேரு ரீனா. இவங்க வீடியோவ எடுத்துப் போட்ட கள்ளி நான்தான். எட்டு வீடியோ. எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

ஹனீன் பதிவை நிறுத்தினாள். "அக்கா, இதப் பாத்து உங்க சேனல மூடிட்டான்னா?"

"மூடட்டும்ளா. பாவசங்கீர்த்தனத்துல பாதியாவா சொல்லுவாங்க? நீ எடு!"

ஹனீனுக்குச் சிரிப்பில் கை ஆடியது. இரண்டாம் முறைதான் வீடியோ ஒழுங்காக வந்தது. அன்று அஸர் தொழுதபின் ரஹ்மத்துன்னிஸாவின் துஆவில் இரண்டு சேனல்கள் இருந்தன.

ஒன்பதாம் நாள் ஒப்புதல் வந்தது. முகம் தெரியாத எவரோ, எங்கோ உட்கார்ந்து, அந்த ஐந்து நிமிடத்தையும் பொறுமையாகப் பார்த்திருக்க வேண்டும். அவருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்றாள் ரஹ்மத்துன்னிஸா. ரீனாவின் சேனலும் மூடப்படவில்லை. அதில் இப்போது அவளே சமைக்கிறாள். முதல் வாடா கருகிப்போனதைக்கூட மறைக்காமல் போட்டிருந்தாள். "தீயைக் குறைம்மா" என்று கீழே முதல் கமென்ட், காயல்பட்டினத்திலிருந்து.

நோன்புக்கு முந்தின வாரம் ரஹ்மத்துன்னிஸா போன் செய்தாள்.

"வந்த காசுக்கு விசிறியில ரெண்டு இறக்கதான் தேறும்போல, ரீனா."

"மூணாவது இறக்க என் பொடிக் காசுல, அக்கா. வாங்கி மாட்டுங்க."