ஜெயிக்கிற ஆட்டத்தில் கை குலுக்கியது

இறுதி ஆட்டத்தன்று காலை, அரங்கத்துக்கு வெளியே டேரல் எங்கள் பிக்கப் வண்டியின் கதவை என் இடது கைமேல் அறைந்து சாத்தினான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் முறிந்தன. நான் செய்த குற்றம், காப்பிக் கடையில் ஓவன் தீஸனைப் பார்த்து "நல்லா ஆடுங்க" என்று சொன்னது. அன்று மதியம் எங்களை எதிர்த்து ஆட இருந்தவர்கள் ஓவனும் அவன் தங்கை கார்லாவும்தான். ஐஸில் கல்லை வழுக்கவிட்டு ஆடும் கர்லிங்கில் எதிராளிக்கு நல்ல வார்த்தை சொல்லாமல் யாரும் ஆட்டத்தைத் தொடங்குவதில்லை. என் புருஷனுக்கோ அது துரோகம்.

"அவனைப் பாத்து எதுக்குடி பல்லைக் காட்டுற?" என்றான். பிறகு அவனே மருத்துவப் பையைத் திறந்து விரல்களைச் சேர்த்து வைத்து டேப் சுற்றினான். அந்த வேலையில் அவனுக்கு நல்ல கைத்தேர்ச்சி வந்துவிட்டிருந்தது.

"யாராச்சும் கேட்டா வழுக்கி விழுந்தேன்னு சொல்லு."

"போன மாசமே வழுக்கி விழுந்தாச்சு."

"திரும்பவும் விழுந்தேன்னு சொல்லு. மானிடோபால ஐஸுக்கா பஞ்சம்?"

கலப்பு இரட்டையர் ஆட்டத்தில் நாங்கள் கனடாவுக்காக இரண்டு முறை உலகப் போட்டிக்குப் போனவர்கள். நெட்டா, டேரல் ப்ரோகோப் என்றால் எங்கள் மானிடோபா மாகாணத்தில் தெரியாத ஆள் இல்லை. டேரல் கல்லைத் தள்ளிவிட்டு எழுந்து கத்துவான், நான் கல்லுக்கு முன்னால் ஓடிக்கொண்டே துடைப்பத்தால் ஐஸைத் தேய்ப்பேன். தேய்க்கத் தேய்க்கக் கல் தூரம் போகும். "தேய்! தேய்! செத்தா போயிட்ட?" என்று அவன் கத்துவதை டிவியில் ஆட்ட வெறி என்று புகழ்ந்தார்கள். அந்த வசனத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்கூட இருந்தார்கள். வீட்டிலும் அதே குரல், அதே வசனம்தான். ஸ்வீடனில் வெண்கலம் வாங்கிய அன்று, தங்கம் போனதற்காக என் தலையை ஓட்டல் குளியலறைச் சுவரில் மோதினான். தோற்றால் நான்தான் தோற்கடித்தேன். ஜெயித்தால் நான் கெடுக்கப் பார்த்தும் அவன் ஜெயித்தான். இந்தக் கணக்கில் நான் எங்கே தப்பிப்பது?

இந்த முறை ஜெயிக்கிற ஜோடி குளிர்காலம் முழுக்க ஸ்விட்சர்லாந்தில் தங்கிப் பயிற்சி எடுத்துவிட்டு அங்கிருந்தே உலகப் போட்டிக்குப் போக வேண்டும். டேரல் மலைமேல் ஒரு தனிவீட்டைப் பேசி வைத்திருந்தான். "அங்க உங்க அக்கா வந்து கதவைத் தட்ட மாட்டா, பாரு," என்றான் சிரித்துக்கொண்டே. அந்த வீட்டிலிருந்து நான் உயிரோடு திரும்ப மாட்டேன் என்று தோன்றியது.

ஆட்டத்தில் நான் வேண்டுமென்று எதையும் கெடுக்கவில்லை. முறிந்த விரல்களோடு தேய்த்தேன். கையுறைக்குள் ரத்தம் கட்டி விண்விண்ணென்று தெறித்தது. நன்றாகத்தான் ஆடினோம், சனியன். ஏழாவது ரவுண்டு முடிந்தபோது மூன்று புள்ளி முன்னால் இருந்தோம். மிச்சம் ஒரே ஒரு ரவுண்டு. டேரல் என் பக்கத்தில் வந்து, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, "ஆறாவது ரவுண்டுல ஒரு கல்லைத் தவற விட்ட. அதை ரூமுக்குப் போய்ப் பேசிக்கலாம்," என்றான்.

எங்கள் ஆட்டத்தில் இனி மீள முடியாது என்று தெரிந்தவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு எதிராளிக்குக் கை கொடுப்பார்கள். அவர் பிடித்துக் குலுக்கினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஜெயிக்கிறவர்கள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

இரண்டு கையுறைகளையும் கழற்றி ஐஸில் போட்டுவிட்டுக் கார்லாவிடம் போய் வலது கையை நீட்டினேன்.

"என்ன நெட்டா பண்ற? நீங்கதானே முன்னாடி இருக்கீங்க," என்றாள் அவள்.

"தெரியும். கையைப் பிடி."

"இப்படி ஜெயிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது? போ, போய் ஆடு."

"தயவுசெஞ்சு பிடி கார்லா."

அவள் என் இடது கையைப் பார்த்தாள். டேப்புக்கு வெளியே விரல் நுனிகள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. டேரலைப் பார்த்தாள். பிறகு என் வலது கையைப் பிடித்துக் குலுக்கினாள், விடவில்லை.

முதலில் டேரல் சிரித்தான். "சும்மா வெளாடுறா," என்று நடுவரிடம் சொன்னான். நடுவர், "கை குலுக்கியாச்சு, ப்ரோகோப்," என்றார்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் அடிக்கட்டும் என்றும் இருந்தது. இத்தனை வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தவன், இன்றைக்கு எல்லாரும் பார்க்க அடிக்கட்டும்.

அடித்தான். துடைப்பத்தின் கம்பு முதலில் விலாவில் விழுந்தது. அடுத்தது தோளில், காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஐஸில் விழுந்தேன். கம்பு உடைந்ததும் மிச்சத்தால் குத்தினான், காது கிழிந்தது. "எந்திரி! இன்னும் ஆடுறோம்னு சொல்லுடி!" என்று அதே குரலில் கத்தினான். அந்தக் குரலுக்கு இத்தனை வருஷம் கைதட்டிய கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. கார்லா என்மேல் குப்புற விழுந்து மறைத்தாள். ஒரு அடி அவள் முதுகில் விழுந்தது. ஓவன் பாய்ந்து அவனைத் தள்ளி, முகத்தை ஐஸில் அழுத்திப் பிடித்தான். டேரலின் பல் ஒன்று எங்கோ வழுக்கிப் போனது. பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்ல வெட்கமில்லை.

போலீஸ் அவனைக் கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரியில் நான் படுத்திருந்தபோது அவன் அம்மா ஸோஃபி போனில் கூப்பிட்டாள்.

"டிவில பாத்தேன்," என்றாள். "ஒரே ஒரு ரவுண்டு பொறுத்திருக்கக் கூடாதா நெட்டா? அவங்கப்பா சாகுற வரைக்கும் நான் பொறுத்தேனே."

"பொறுத்திருக்கலாம் அத்தை. ஜெயிச்சும் இருப்போம்," என்றேன். "அப்புறம் அவன்கூட ரூமுக்குப் போகணுமே."

அந்த முனையில் அவள் அழ ஆரம்பித்தாள். மகனுக்காகவா எனக்காகவா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. அவள் அழுது முடிக்கிற வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.