போய்ச் சொல்லிடு

மக்ரோனித் தட்டை அடுப்பிலிருந்து பாதி இழுத்திருந்தபோது ஒலிபெருக்கி கத்தியது. கதவைப் பூட்டுங்கள், விளக்கை அணையுங்கள், இது ஒத்திகை அல்ல. தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் எனக்கும் ட்ரூடிக்கும் ஒளிய ஒதுக்கியிருந்த இடம் மளிகை வைக்கும் அறை. உள்ளே தாழ்ப்பாள் போட்டு, மாவு மூட்டைகளுக்குப் பின்னால் குந்தினோம். ட்ரூடியின் மகன் இங்கேயே ஒன்பதாம் வகுப்பு. என் மகள் கெல்சி கடைசி வருஷம். அவளுக்குச் செய்திக்கு மேல் செய்தி அனுப்பினேன். பதிலே இல்லை.

ட்ரூடி ஜெபித்தாள். எனக்கு ஜெபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. துப்பாக்கிக்குப் பயந்தவள் இல்லை நான். எங்கள் மலைப்பக்கத்தில் மான் வேட்டைக்குப் போகாத வீடு கிடையாது, என் குளிர்பெட்டி நிறைய மான்கறிதான். ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கி என்றதும் அதெல்லாம் வேறு யாரோ வாழ்ந்த வாழ்க்கைபோல ஆகிவிட்டது. தாழ்வாரத்தில் எங்கேயோ ஒரு கதவு படாரென்று அடித்துக்கொண்டது. ட்ரூடியின் காதில் கிசுகிசுத்தேன்.

"யார் பெத்ததா இருந்தாலும் சரி, ட்ரூடி. இனிமே அது இந்த வாசலை மிதிக்கக் கூடாது."

"மிதிக்கவே கூடாது," என்றாள் அவள், ஜெபத்தை நிறுத்தாமலேயே.

எவ்வளவு நேரம் கழித்தோ, தலைமையாசிரியர் ராய்ஸின் குரல் கேட்டது. கதவைத் திறந்தேன். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். ராய்ஸ் என்னை மட்டும் வரச் சொன்னான். என்னோடும் என் கணவன் வெண்டலோடும் இதே பள்ளியில் படித்தவன்தான், அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். மகள் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

"கெல்சிக்கு ஒண்ணுமில்ல, லோர்னா," என்றான். "துப்பாக்கி இருந்தது அவ ஓட்டிட்டு வந்த வண்டியிலதான்."

முதல் வாக்கியத்தின் சந்தோஷம் உள்ளே இறங்குவதற்குள் இரண்டாவது வந்துவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். காலையில் அவள் வண்டி கிளம்பவில்லை என்று அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். சனிக்கிழமை வேட்டைக்குப் போன வெண்டல் தன் துப்பாக்கியை உறையோடு இருக்கைக்குப் பின்னால் மறந்து வைத்திருக்கிறான். வண்டியை நிறுத்திவிட்டுப் பையை எடுக்கும்போது பார்த்திருக்கிறாள். பதறிப்போய் அவன் வேலை செய்யும் மர ஆலைக்குப் போன் பண்ணியிருக்கிறாள். அவன் சிரித்தானாம். "இதுக்கா பயப்படுறே? ஆபீஸ்ல போய்ச் சொல்லிடு. ராய்ஸ் நம்ம ஆளு."

வெண்டலுக்கு நாள்காட்டி பதினேழு வயதிலேயே நின்றுவிட்டது. எங்கள் காலத்தில் விடியற்காலை காட்டுக்குப் போய்விட்டுத் துப்பாக்கியோடுதான் பையன்கள் பள்ளிக்கு வருவார்கள். தலைமையாசிரியர் அறை மூலையில் சாத்திவிட்டு வகுப்புக்குப் போவார்கள். அடித்த மானின் கொம்பில் எத்தனை கிளை என்று அப்போதைய தலைமையாசிரியர் விசாரிப்பார். அந்த மூலையில் ராய்ஸின் துப்பாக்கியும் நின்றதுண்டு. அந்தக் கணக்கு இன்றைக்குச் செல்லாது என்று அந்த மனுஷனுக்கு யார் சொல்வது? என்னிடம் கேட்டிருந்தால், வாயை மூடிக்கொண்டு வண்டியைத் திருப்பு என்றிருப்பேன். அவள் என்னிடம் கேட்கவில்லை. அலுவலகத்தில் புதிதாக வந்த பெண்ணிடம், என் வண்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று நேராகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அவளையும் குறை சொல்ல முடியாது.

பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவந்தால் சட்டப்படி ஒரு வருஷம் வெளியே. பள்ளி முடிந்ததும் சேர கெல்சிக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, அதுவும் போகும். தண்டனையைக் குறைக்க மேலிடத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அது ராய்ஸ் எழுதுவதைப் பொறுத்தது. தாழ்வாரத்திலேயே என்னை நிறுத்திச் சொன்னான்.

"வாசல்ல பெத்தவங்க நிக்கிறாங்க. யாரு அது, வெளிய அனுப்புன்னு கத்துறாங்க. அவளா வந்து சொன்னான்னு நான் எழுதலாம். நாளைக்கு இன்னொருத்தன் வந்து, நானும் மறந்துட்டேன்னு சொன்னா என்ன பண்றது? நீயே சொல்லு. நீ உள்ளதான இருந்தே."

மாவு மூட்டைக்குப் பின்னால் அதற்கு நான் பதில் சொல்லியாகிவிட்டது. ஆனால் அவனைப் பார்த்து, எழுது, கெஞ்சிக் கேட்கிறேன், எழுது, என்றேன். ட்ரூடி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் நடந்தேன்.

கெல்சி ராய்ஸின் அறையில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பையும் போனும் போலீஸிடம். அழுது முடித்த முகம். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்பாவைத் திட்டாதே என்றுதான் முதலில் சொன்னாள். பிறகு என் ஏப்ரன் முழுக்க ஒட்டியிருந்த மாவைப் பார்த்தாள்.

"நீயும் ஒளிஞ்சுக்கிட்டியாம்மா?"

"ஆமா."

"எனக்கு பயந்தா?"

நீ என்று தெரியாது, கண்ணு, என்று சொல்ல வாயெடுத்தேன். போலீஸ்காரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கெல்சி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலேயே, தன் இரண்டு கைகளையும் எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி, மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டாள்.