சுஜீவாவின் புரிட்டோவில் சோறு இல்லை

புரிட்டோவுக்குள் சோறு வைக்கலாமா என்ற பேச்சில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

வின்டர்தூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு மெக்சிக்கன் உணவகத்தில் நான் சமையல் வேலை செய்தேன். முதலாளி சுவிஸ்காரர். மெக்சிக்கோவை விடுமுறையில் ஒருமுறை பார்த்தவர். சமையலறையில் இருந்த இரண்டு பேரும் தமிழர். நான் மூர்த்தி, யாழ்ப்பாணம். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவன். அது இங்கே எதற்கும் உதவவில்லை. மற்றவன் தினேசன். மட்டக்களப்பு. என்னைவிட இளையவன், கல்யாணம் ஆகாதவன்.

கடை திறக்குமுன் நாங்கள் சாப்பிட்டுவிட வேண்டும். அவரவர் புரிட்டோவை அவரவர் சுற்றிக்கொள்வோம். பெரிய கோதுமை ரொட்டியைச் சூடாக்கி, விரும்பியதை நடுவில் வைத்து, இரண்டு ஓரத்தையும் மடித்து உருட்டினால் புரிட்டோ. கறி வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் எங்கள் றோல்ஸுக்கு மெக்சிக்கோவில் பிறந்த தமையன் என்பான் தினேசன்.

அன்று நான் கோழியும் சோறும் சீஸும் வைத்தேன். அவித்த சிவப்பு அவரையை வைக்கவில்லை. அதை நாங்கள் கௌப்பி என்போம், கௌப்பி இல்லை என்று தெரிந்தும்.

"ரொட்டிக்குள்ள சோறு வைக்கிற ஆள் நீங்க ஒராள்தான் அண்ணன்," என்றான் தினேசன். "பாணுக்குப் புட்டைத் தொட்டுத் தின்னுற மாதிரி."

"வயித்துக்குக் காணவேணும். கௌப்பி வாய்வு."

"கௌப்பி இல்லாட்டி அது புரிட்டோவே இல்ல. சுஜீவாக்காவும் அதத்தான் சொல்லுவா. மூர்த்தி வைக்கிற சோறு, சீமெந்து மாதிரி எண்டு..."

நிறுத்திவிட்டான்.

சுஜீவா என் மனைவி. அப்போது அவள் இறந்து ஒரு வருடம் ஆகவிருந்தது. நுரையீரலில் இரத்தக்கட்டி. காலையில் வேலைக்குப் போனாள். மாலையில் ஆஸ்பத்திரியில் அவளுடைய சப்பாத்தை ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், படுத்தேன். நித்திரை நன்றாகவே வந்தது.

தினேசன் அவளைக் கண்டது, எனக்குத் தெரிந்து, கோயில் திருவிழாவில் ஒருமுறை. பிறகு செத்தவீட்டில்.

"எப்ப சொன்னவள்?" என்றேன்.

"ஆரு?"

"சுஜீவா."

"அது... திருவிழாவில எண்டு நினைக்கிறன்."

"கோயில்ல புரிட்டோ குடுத்தவையோ?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வெங்காயம் உரிக்க வேண்டும் என்று எழுந்து போனான். வெங்காயம் உரித்துத்தான் இருந்தது.

அவள் இருந்த காலத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அவளுக்கு ஒரு புரிட்டோ கொண்டுபோவேன். கோழி, சோறு, சீஸ். கௌப்பி இல்லை. முழுவதையும் சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கு என்பாள். சோற்றைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. இவனிடம் சீமெந்து என்று சொல்லியிருக்கிறாள். மூர்த்தி என்றும் சொல்லியிருக்கிறாள். என்னைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை. இஞ்சேருங்கோ என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று இரவு நித்திரை வரவில்லை.

அவள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். புதன்கிழமை எனக்கு ஓய்வு. பின்நேரம் ஜெர்மன் வகுப்புக்குப் போய்விடுவேன். அவள் எனக்குப் பிறகுதான் வீட்டுக்கு வருவாள். இல்லத்தில் உடுப்பு மடிக்கும் வேலை அதிகம் என்பாள். நான் அந்த இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஏதோ சான்றிதழ் தேவை என்ற சாட்டில் அவளோடு வேலை செய்த பெண்ணிடம் கேட்டேன். புதன்கிழமைகளில் சுஜீவா மத்தியானத்தோடு போய்விடுவாளே என்றாள் அந்தப் பெண். நல்ல பிள்ளை என்றும் சொன்னாள்.

புதன்கிழமை பின்நேரங்களில் சமையலறையில் தினேசன் தனியாகத்தான் இருப்பான்.

நான் அவனைக் கவனிக்கத் தொடங்கினேன். என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டிருந்தான். சுற்றுவதற்கு முன் ரொட்டியின் ஓரத்தை விரலால் நீவுவான். முன்பு அதை நான் கண்டதில்லை. இப்போது அந்த விரலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அது மாடுகளுக்குப் பைத்தியம் பிடித்த வருடம். பேப்பரைத் திறந்தால் அதுதான். வாடிக்கையாளர்கள் இறைச்சி எந்த நாட்டு மாடு என்று கேட்டார்கள். சுவிஸ் மாடு என்றாலும் நம்பாமல் கோழி சொன்னார்கள். தட்டில் வந்ததைக் கத்தியால் பிரித்துப் பார்த்தார்கள்.

"வெள்ளைக்காரனெல்லாம் சைவக்காரனாப் போறான் அண்ணன்," என்றான் தினேசன். "இனி நெத்தியில திருநீறு ஒண்டுதான் குறை."

மாட்டிறைச்சியைத் தாளிப்பது என் வேலை. ருசி பார்ப்பது அவன் வேலை. நான் மாடு சாப்பிடுவதில்லை. கையுறை போட்டுக் கிண்டுவேன். அவன் கரண்டியில் எடுத்து நக்கிவிட்டு உப்புக் காணாது என்பான், அல்லது காணும் என்பான். முதலாளிக்கு இது தெரியாது. இப்போது அவன் காணும் என்றாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

சுஜீவாவின் தமக்கை சிவகலா சோலோதுர்னிலிருந்து தொலைபேசி எடுத்தாள். சனிக்கிழமை திவசம், சைவம். ஞாயிற்றுக்கிழமை மச்சப் படையல். மீன், இறைச்சி, செத்தவருக்குப் பிடித்த எல்லாவற்றையும் சமைத்துப் படைப்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"அவளுக்கு என்னென்ன விருப்பமெண்டு யோசிச்சு வையும் தம்பி," என்றாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நான் ரொட்டியைச் சூடாக்கித் தினேசனுக்கு முன்னால் விரித்தேன்.

"ஞாயிறு படையல். சுஜீவாவுக்கு ஒரு புரிட்டோ வைக்கப்போறன். நீ சுத்து."

"நானா அண்ணன்?"

"உனக்குத்தானே தெரியும்."

அவன் கதவைப் பார்த்தான். நான் கதவுப் பக்கம் நின்றேன்.

கௌப்பி வைத்தான். நிறைய. ஊறுகாய் மிளகாயை எண்ணெய் வடித்து வைத்தான். பச்சை வெங்காயம். தேசிக்காய் பிழிந்தான். அவன் கைக்கு யோசனை தேவைப்படவில்லை. சோற்றுச் சட்டியைத் தாண்டிப் போனது, சீஸைத் தாண்டிப் போனது, மாட்டிறைச்சிச் சட்டிக்கு மேல் போய் நின்றது. திரும்பி வந்தது.

"முடிஞ்சுது," என்றான்.

"முடியேல்லை. கை ஏன் நிண்டது?"

"ஒண்டுமில்ல."

"அவள் புதன்கிழமை இஞ்ச வந்தவள்."

அவன் கரண்டியை வைத்தான். "சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கன் அண்ணன்."

"செத்தவளுக்குச் செய்த சத்தியம். சொல்லு."

"மாடு," என்றான். "அக்காவுக்கு மாடுதான் விருப்பம். பின்கதவால வருவா. அந்தப் பெட்டிக்கு மேல குந்தி இருந்து சாப்பிடுவா. மறுகா வாயக் கொப்பிளிச்சு, ஒரு ஏலக்காயச் சப்பிப்போட்டுப் போவா. அவ்வளவுதான்."

"வேற?"

"வேற என்ன?"

"வேற என்னெண்டு உனக்கு விளங்கும்."

அவனுக்கு விளங்கியது. முகம் கறுத்தது. "அண்ணன், அவ என்ர சொந்த அக்கா மாதிரி," என்றான்.

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பெரிய களவைப் பிடித்தால் சின்னக் களவை ஒப்புக்கொள்வார்கள். மாடு நல்ல சாட்டு. வெட்கமானது, யாரும் மேலே விசாரிக்கமாட்டார்கள். நான் அப்படி யோசித்துக்கொண்டு நிற்க, அவன் இறைச்சியை அள்ளி வைத்து, ஓரத்தை நீவி, உருட்டி, வெள்ளித்தாளில் சுற்றி என் கையில் தந்தான். பாரமாக இருந்தது.

சனிக்கிழமை ஐயர் வந்து போனார். ஞாயிற்றுக்கிழமை சிவகலா என் குசினியில் மீன் பொரித்தாள். நான் வாசலில் நின்றேன்.

"மச்சாள், சுஜீவா மாடு சாப்பிடுறவளோ?"

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். "ஆர் சொன்னது?"

இல்லை என்று சொல்லவில்லை. ஆர் சொன்னது என்றுதான் கேட்டாள்.

நான் குளிர்ப்பெட்டியைத் திறந்து வெள்ளித்தாளைக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கதிரையில் இருந்தாள்.

"நாங்கள் ரெண்டு பேரும் வந்த புதுசில அகதி முகாமில இருந்தனாங்கள் எல்லே. ஒரு நாள் இறைச்சிக் குழம்பு. என்ன இறைச்சியெண்டு கேக்கப் பாஷை தெரியாது. குசினிக்காரன் தலையில ரெண்டு விரலை வைச்சுக் கொம்பு காட்டினவன். ஆட்டுக்கும் கொம்பிருக்குத்தானே தம்பி. ஆடெண்டு நினைச்சுக் கிழமைக் கணக்காத் திண்டம். பிறகு ஒரு நாள் இறைச்சிப் பெட்டியில மாட்டுப் படத்தைக் கண்டு நான் சத்தி எடுத்தன். அவள் என்ர கோப்பையில மிச்சமிருந்ததையும் எடுத்துத் திண்டாள்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உங்கட வீட்டார் ஆசாரக்காரர் எண்டுதான் சம்பந்தம் பேசி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இரு எண்டு நான்தான் சொன்னனான். கலியாணத்தோட விட்டிருப்பாள் எண்டு நினைச்சன்."

"விடேல்லை."

"நீர் மாடு கிண்டிப்போட்டு வந்து குளிச்சிட்டுத்தான் அவளுக்குக் கிட்டப் போவீராம். அதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்."

எனவே மாடு உண்மை. மற்றது? அதைச் சிவகலாவிடம் கேட்க முடியவில்லை. கேட்டால் அது வீட்டுக்குள் வந்துவிடும்.

"இதைப் படையலுக்கு வைக்கவேணும்," என்றேன்.

"விசரோ உமக்கு? சாமியறையிலயோ?"

"பிடிச்சதைத்தானே வைக்கிறது."

அவள் எழுந்து போய், சாமிப் படங்களுக்கு முன்னால் இருந்த திரைச்சீலையை இழுத்து மூடினாள். பிள்ளையாரின் ஒரு காது வெளியே தெரிந்தது. அதையும் மூடினாள். சுஜீவாவின் படத்துக்கு முன்னால் வாழையிலை. இலையில் சோறு, மீன், கோழி, கத்தரிக்காய். இலையில் முட்டாமல் தனிக் கோப்பையில் அந்தப் புரிட்டோ. விளக்கை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் வெளியே நின்றோம். செத்தவர் வந்து சாப்பிடும்போது யாரும் பார்க்கக்கூடாது.

"எல்லாம் சரி," என்று மெல்லக் கேட்டாள் சிவகலா. "படைச்சதை எறியேலாது. இதை இனி ஆர் தின்னுறது? நான் தொடன்."

நானும் தொடமாட்டேன். குப்பைப் பெட்டிக்குள் போடவும் முடியாது.

"தினேசனைக் கூப்பிடுறன்," என்றேன்.

அவன் சேர்ட்டை இஸ்திரி போட்டு, ஒரு பை தோடம்பழத்தோடு வந்தான். படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டான். எவ்வளவு நேரம் கும்பிடுகிறான் என்று பார்த்தேன். மற்றவர்கள் கும்பிடும் அளவுதான். சிவகலா அவனுக்கு மீனும் சோறும் பரிமாறி, அந்தக் கோப்பையைப் பக்கத்தில் வைத்து, "இது உமக்குத்தான் தம்பி. வேற ஆளில்லை," என்றாள்.

அவன் கோப்பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் அவனுக்கு நேரே இருந்தேன். அழுவான் என்று காத்திருந்தேன். அழுதால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன். எழுப்பி, தோடம்பழப் பையையும் கையில் கொடுத்து, கதவைக் காட்டுவது.

அவன் வெள்ளித்தாளை விலக்கி ஒரு கடி கடித்தான். மென்றான். மெல்வது மெதுவானது. நின்றது.

"என்ன?" என்றேன்.

"கோவிக்காதீங்க அண்ணன்." வாயைக் கையால் மறைத்துக்கொண்டான். "ரெண்டு நாள் குளிர்ப்பெட்டிக்க கிடந்து கல்லாப் போச்சு. பல்லு இறங்குதில்ல. ஒருக்காச் சூடாக்கித் தருவீங்களா?"

சிவகலா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "என்ர கடவுளே," என்றாள், "இவன் படைச்ச சாப்பாட்டில குறை பிடிக்கிறான்."

அவளை மனதில் வைத்திருந்தவன் அந்தத் துண்டை ஆறியபடியே விழுங்கியிருப்பான்.

கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். கையுறை இருக்கவில்லை. வெள்ளித்தாளை உரித்து மைக்ரோவேவில் வைத்தேன். கோப்பை சுற்றத் தொடங்கியது. தேசிக்காயும் மிளகாயும் இறைச்சியும் மணத்தன. கூடத்தில் தினேசன், மீன் இன்னொரு துண்டு இருக்குமா அக்கா என்று சிவகலாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.