கடுகு வாங்கிய பிளாட்பார டிக்கெட்

ரயிலில் டிக்கெட் பார்க்கிற வேலையில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டியாயிற்று. கூட வேலை பார்ப்பவர்கள் எனக்கு வைத்த பெயர் சிடுமூஞ்சி. வைத்தால் வைத்துக்கொள்ளட்டும். டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டு, வீட்டில் மறந்துவிட்டேன் என்று காதில் பூ சுற்றுகிறவர்களிடம் பல்லை இளிக்கவா முடியும்?

அன்று காலை வண்டி கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. மூன்றாவது பெட்டியில் ஜன்னலோரம் ஓர் இளம்பெண். பக்கத்து சீட்டில் ஆறு வயசுச் சிறுமி ஒருத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்பல் இரண்டையும் காணோம், வாய் மட்டும் முழம் நீளம்.

"இறங்கு கடுகு, அப்பா கீழ நிக்கிறார் பாரு" என்று அந்தப் பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன் சித்தி. நானும் டிக்கெட் வாங்கியிருக்கேன்ல?"

வாங்கித்தான் இருந்தாள். அடம்பிடித்து அப்பாவை வாங்க வைத்த பிளாட்பார டிக்கெட்.

சித்திக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. நாலு வருஷமாக இந்த வாலுக்குத் தலை பின்னி, சோறூட்டி, தூங்க வைத்தது அவள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

நான் குனிந்தேன். "இங்க பாரும்மா, டிக்கெட்ல ரெண்டு தினுசு இருக்கு. உன்னோடது உள்ள வர்றதுக்கு. மிருகக்காட்சி சாலைல வாங்குவோம்ல, அந்த மாதிரி. உள்ள வரலாம், பாக்கலாம், டாட்டா காட்டலாம். வண்டில போக முடியாது. சித்தியோடது போறதுக்கு. எங்கேருந்து எங்க, என்னிக்கு, எந்த சீட்டு, எல்லாம் அதுல இருக்கும்."

"அப்ப என்னோடதை வெச்சிருந்தா போக முடியாதா?"

"முடியவே முடியாது."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

உடனே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். சித்தியின் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். சமர்த்தாக இறங்கிப் போய் அப்பா பக்கத்தில் நின்றாள். அட, நமக்கும் குழந்தைகளிடம் பேச வருகிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு சித்தியிடம் டிக்கெட் கேட்டேன். மடியில் கைப்பை மேல் இருந்ததை எடுத்து நீட்டினாள். பிளாட்பார டிக்கெட்!

கதவுக்கு ஓடினேன். கடுகு கீழே நின்றிருந்தாள், இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால்.

"சித்தி டிக்கெட்டைக் குடு."

"நீங்கதானே சொன்னீங்க, என்னோடதை வெச்சிருந்தா யாராலயும் போக முடியாதுன்னு? அதான் சித்திக்குக் குடுத்துட்டேன். சித்தி போக வேணாம்."

என் வாயாலேயே மாட்டிக்கொண்டேன். அப்பா அதட்டினார். கை முன்னால் வரவில்லை. என் பின்னாலேயே சித்தியும் கதவுக்கு வந்துவிட்டாள். விசில் ஊதிவிட்டார்கள்.

"டிக்கெட்டைப் பாத்தா வண்டி கிளம்புது?" என்றேன். "சித்தி உள்ள இருக்காங்க. வண்டி போயிடும்மா."

"போனா?"

"டிக்கெட் இல்லாதவங்களை அடுத்த ஸ்டேஷன்ல நான் இறக்கி விடணும். அதான் என் வேலை."

"அங்க சித்திக்கு யாரைத் தெரியும்?"

"யாரையும் தெரியாது."

சொல்லும்போதே எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. கடுகு சித்தியைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. கை மெல்ல முன்னால் வந்தது. டிக்கெட் வியர்வையில் கசங்கியிருந்தது. நான் கையை நீட்டியும் என்னிடம் கொடுக்கவில்லை. எம்பி, சித்தியின் கையில் வைத்து அழுத்தினாள்.

"கெட்டியா பிடிச்சுக்கோ சித்தி" என்றாள், தேம்பிக்கொண்டே. "தொலைச்சிடாத. இந்த மாமா உன்னை நடுவழில இறக்கி விட்டுடுவார்."