இடது காதுக்கு எந்த அளவு

1

இந்தக் கதை எனக்கு எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய எழுத்தாளர்கள் என்றால் கனவில் வந்தது, ரயிலில் வந்தது என்பார்கள். எனக்கு ஃபோனில் மெசேஜாக வந்தது, இன்று இரவு பத்து நாற்பதுக்கு.

அனுப்பியவர் டெமோ அண்ணா. அவர் சொந்த அண்ணன் இல்லை. இயர்போன் கடையில், வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்க ஒரு மேசை இருக்கும் இல்லையா, அந்த மேசைக்குப் பொறுப்பானவர். மெசேஜ் இதுதான்:

"பாப்பா, கம்பெனிலேர்ந்து பதில் வந்துருச்சு. மெஷின்ல வச்சுப் பாத்தாங்களாம். ரெண்டு பக்கமும் ஒண்ணாதான் இருக்காம். நீ எந்த டிப்ஸ் போட்டுக் கேட்ட?"

இதற்கு ஒரு வரியில் பதில் எழுதலாம். எழுதாமல், நோட்டை எடுத்துக் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பதில் எழுத வேண்டிய நேரத்தில் கதை எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

"நீலம், கறுப்பு இரண்டு இயர்போனுமே உச்ச ரகம். நீலத்தில் குரல் முன்னால் வந்து நிற்கிறது. கறுப்பில் குரல் இரண்டடி பின்னால் போய், அதைச் சுற்றி அறை விரிகிறது. கறுப்பின் இடது பக்கத்தில் மட்டும்—"

நிறுத்திவிட்டேன். இது கதை இல்லை, விமர்சனம். ஒரு மாதத்துக்கு முன்னால் இதே வரிகளை இணையத்தில் ஒரு மன்றத்தில் போட்டேன். அங்கே என் பெயர் கூர்காது. எனக்குப் பதினேழு வயது என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தது டெமோ அண்ணாவுக்கு மட்டும்தான். தெரிந்தும், தன் பெயரில் கையெழுத்துப் போட்டு அந்த இரண்டு டெமோ இயர்போன்களையும் என்னிடம் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்.

ஆரம்பம், இரண்டாம் முயற்சி:

"அந்தப் பரிசோதகருக்கு நாற்பது வயது. தாடி உண்டு. தனி வீடு, சுழல்நாற்காலி, சுவரெல்லாம் இயர்போன்கள். ஒருநாள் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது."

இவரை வைத்து எழுதினால் எனக்குச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மூன்றாவது வரியிலேயே எனக்கு இவரைப் பிடிக்கவில்லை. சந்தேகம் வந்தால் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். "வால்யூமைக் குறை, காது போயிடும்" என்று கதவைத் தட்ட அவருக்கு அம்மா இல்லை. காது போனால் அவருக்கு வேறு வேலை தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

(தாடிக்காரரை இங்கேயே விட்டுவிடுகிறேன். நாற்காலியில் சுற்றிக்கொண்டிருக்கட்டும்.)

3

டிப்ஸைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இயர்போன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் காதுக்குள் போவது நுனியில் மாட்டுகிற அந்தச் சின்ன ரப்பர்தான். சின்னது, நடு, பெரிது என்று ஜோடி ஜோடியாக அட்டையில் செருகிக் கொடுப்பார்கள். காதை அது சரியாக அடைக்கவில்லை என்றால் ராஜா மாதிரியான இயர்போனும் தகர டப்பாதான்.

எல்லோருக்கும் இரண்டு காதும் ஒரே அளவு இருக்காது. இடதுக்குப் பெரிது, வலதுக்கு நடு என்று மாற்றிப் போடுவது எங்கள் கூட்டத்தில் சகஜம். யாராவது "ஒரு பக்கம் கம்மியா கேக்குது" என்று எழுதினால், மன்றத்தில் பத்துப் பேர் ஓடி வந்து "டிப்ஸை மாத்து" என்பார்கள். முதலில் ஓடுகிற ஆள் நான்.*

போன வருடம் இரண்டு காதுக்கும் நடு போட்டேன். பிறகு இடதுக்குப் பெரிது. பிறகு இடதுக்கு மட்டும் ஃபோம். விரலால் நசுக்கி உள்ளே வைத்தால் பஞ்சு மாதிரி விரிந்து அடைத்துக்கொள்ளும். பிறகு பெரிய ஃபோம். பிறகு குடைமேல் குடை வைத்த மாதிரி இரட்டை அடுக்கு ரப்பர். ஒவ்வொரு தடவையும் ஒரு ஜோடியைப் பிரித்து ஒன்றை மட்டும் எடுப்பேன். மீதி ஒன்று தகர டப்பாவுக்குப் போகும். டப்பாவில் இப்போது பத்தொன்பது இருக்கின்றன. எல்லாம் வலது காதுக்குத் தேவைப்படாதவை.

அக்கா ஒருநாள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை ஓடிப்போன பொண்ணுங்க மாதிரி உக்காந்திருக்கு என்றாள். நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

* இந்த அடிக்குறிப்பை எழுதாமல் விடத்தான் பார்த்தேன். அடைப்பு சரியில்லை என்றால் முதலில் போவது அடித்தொனி. டிரம்மின் கும் போய்விடும், மேல்தொனி அப்படியே இருக்கும். இது எனக்குத் தெரியும். மன்றத்தில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். என் இடது பக்கத்தில் கும் போகவில்லை. சிம்பல் தகட்டின் ஓரத்தில் சில்லென்று ஒன்று தெறிக்குமே, அதுதான் போனது. எந்த டிப்ஸும் அதைத் திருப்பித் தராது. தெரிந்தேதான் டிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன்.

4

இப்போது நான் செய்த தப்பு.

நீலத்திலும் இடது பக்கம் கொஞ்சம் மங்கல்தான். என் பழைய இயர்போனிலும் அப்படித்தான். மூன்றிலும் ஒரே பக்கம் மங்கல் என்றால் ஒருவருக்கு என்ன தோன்ற வேண்டும்? எனக்குத் தோன்றியது வேறு. பழையது தேய்ந்துவிட்டது, நீலத்துக்கு டிப்ஸ் சரியில்லை, கறுப்பில் கோளாறு. மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் கண்டுபிடித்தேன். வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

"கறுப்பின் இடது பக்கத்தில் மேல்தொனி குறைகிறது. இந்த விலைக்கு இது மன்னிக்க முடியாதது" என்று எழுதினேன். மன்னிக்க முடியாதது என்ற சொல்லை எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

நூற்றுக்கணக்கானவர்கள் படித்தார்கள். கடை முதலாளியும் படித்தார். நான் திருப்பிக் கொடுத்திருந்த கறுப்பை மேசையிலிருந்து எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். டெமோ அண்ணாதான் கீழே போட்டு மறைக்கிறார் என்று முடிவுகட்டி, அவரைக் கீழ்த்தளத்தில் பார்சல் ஒட்டுகிற வேலைக்கு மாற்றினார். இதை அண்ணா ஃபோனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பரவால்ல பாப்பா, அங்க டேப் கிழிக்கிற சத்தம் ரெண்டு பக்கமும் நல்லா பேலன்ஸா கேக்குது என்றார். நீலத்தை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள், ஒப்பீட்டின் அடுத்த பகுதியை எழுது என்றும் சொன்னார்.

அவர் மெசேஜின் கடைசி வரியை மறுபடி பாருங்கள். "நீ எந்த டிப்ஸ் போட்டுக் கேட்ட?" தப்பித்துப் போக அவரே எனக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிறார். "இரட்டை அடுக்கு போட்டிருந்தேன், அதுதான் காரணம்" என்று எழுதினால் போதும். விஷயம் முடிந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது.

நான் அந்த

(இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. இருக்கட்டும்.)

5

குறை இயர்போனிலா, காதிலா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சின்னக் குழந்தைகூடச் செய்யலாம். இடது துண்டை வலது காதிலும், வலது துண்டை இடது காதிலும் வைத்துக் கேட்க வேண்டும். மங்கல் துண்டோடு இடம் மாறினால் குறை துண்டில். மாறாமல் அதே பக்கம் நின்றால்.

நான் ஏன் செய்யவில்லை? இந்த வகை இயர்போன் காதின் வடிவத்துக்கு வார்த்தது, மாற்றினால் பொருந்தாது, வயர் காதுக்குப் பின்னால் போகாமல் கன்னத்தில் தொங்கும், அதனால் முடிவு சரியாக வராது. மூன்று மாதமாக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலைகீழாகத் திருப்பி விரலால் பிடித்துக்கொண்டால் ஒரு நிமிடம் நிற்கும். அது போதும்.

இந்த வரிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவில் எழுந்து போய் அதைச் செய்துவிட்டு வருகிறேன். நீங்கள் நிறுத்தாமல் படித்துவிடுவீர்கள், உங்களுக்கு இடைவெளி தெரியாது.

6

செய்துவிட்டேன்.

கையில் இருக்கிற நீலத்தை எடுத்தேன். இரண்டு துண்டிலும் ஒரே டிப்ஸ், நடு அளவு. பாட்டு வேண்டாம் என்று அக்கா எப்போதோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டேன். அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலிக்கும். சாவியை எங்கே வைத்தாய் என்று திட்டுகிற பன்னிரண்டு வினாடி. நேராக வைத்து மூன்று தடவை, மாற்றி வைத்து மூன்று தடவை.

வலது காதில் எந்தத் துண்டை வைத்தாலும் அக்கா பக்கத்தில் நின்று திட்டினாள். இடது காதில் எந்தத் துண்டை வைத்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறையிலிருந்து திட்டினாள்.

கறுப்பு நல்லதுதான். நீலமும் நல்லதுதான்.

டப்பாவைக் கவிழ்த்து டிப்ஸை வாங்கிய வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். நடு, பெரிது, ஃபோம், பெரிய ஃபோம், இரட்டை அடுக்கு. முதல் பெரிது வாங்கியது பரீட்சைக்கு முந்தின வாரம். கணக்குப் போட்டால் எட்டு மாதம். சீக்கிரம் காட்டினால் சிலதைச் சரிசெய்யலாம் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். எட்டு மாதம் சீக்கிரமா? யாரிடம் கேட்பது? கேட்டால் சொல்ல வேண்டியிருக்குமே.

7

முடிவுகள். எழுதிப் பார்த்தவரை.

அ. டாக்டர் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். அழுக்கு. உருண்டையாக ஒன்றை எடுத்துத் தட்டில் போடுகிறார். அம்மா "குளிக்கும்போது காதக் கழுவுன்னா கேக்குறாளா" என்கிறாள். சிம்பல் திரும்பி வருகிறது. (இந்த முடிவை ஐந்து தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் உருண்டை பெரிதாகிக்கொண்டே போகிறது.)

ஆ. அழுக்குக்குப் பதிலாக, எப்போதோ கழன்று உள்ளேயே தங்கிவிட்ட ஒரு ஃபோம் துண்டு. இது அதைவிட நல்ல முடிவு. ஆனால் எண்ணிப் பார்த்துவிட்டேன். எதுவும் குறையவில்லை.

இ. யாரிடமும் சொல்லவில்லை. ஃபோன் செட்டிங்கில் இடது பக்கத்தை ஏற்றி வைத்துக்கொண்டு கூர்காது தொடர்ந்து எழுதுகிறாள். நன்றாகவே எழுதுகிறாள். ஒருநாள் ஏற்றுவதற்கு இடம் இல்லாமல்

ஈ. ஆஸ்பத்திரியில் காதைச் சோதிக்கிற அந்த அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்கிறாள். நான் அழுத்தாமல் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா முகத்தைப் பார்த்தால்தான் சத்தம் வந்தது என்றே எனக்குத் தெரிகிறது.

ஈ-யை அடிக்கப் பார்த்தேன். அடித்தாலும் படிக்க முடிகிறது. அதனால் விட்டுவிட்டேன்.

8

இந்தப் பகுதி திட்டத்தில் இல்லை. இப்போது நடந்தது.

நானும் அக்காவும் ஒரே அறை. அவளுக்கு பேக்கரியில் முதல் ஷிஃப்ட், நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். அவள் கட்டில் சுவரை ஒட்டி, என் மேசைக்கு இடது பக்கம். தலையணை ஒன்று பறந்து வந்து என் முதுகில் விழுந்தது.

"மூணு வாட்டி கூப்ட்டாச்சு. லைட்ட அணை."

"கேக்கல."

"மகாராணிக்கு எப்பதான் கேக்குது. நான் இங்க படுத்துட்டு கூப்ட்டா நீ திரும்புறதே இல்ல. எந்திரிச்சு அந்தப் பக்கம் வந்து கூப்ட்டாதான் திரும்புவ. திமிருன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"வயசு அப்படின்னாங்க." பிறகு, "எதுக்குடி அழுவுற?" என்றாள்.

"அழல."

"மூக்க உறியுற சத்தம் இங்க வரைக்கும் வருது. எனக்கென்ன காது கேக்காதா?"

நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு நோட்டுப் பக்கம் திரும்பினேன். அவள் எழுந்து உட்கார்ந்து போர்வையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். கதை என்றேன். "குடு, நான் படிக்கிறேன். அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்" என்றாள்.

ஒரு நிமிஷம், முடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

9

அக்கா, இதுவரைக்கும் நீங்கள் நீங்கள் என்று யாரையோ நினைத்து எழுதினேன். இனிமேல் நீதான்.

டெமோ அண்ணாவுக்கு எழுத வேண்டிய பதில் எனக்கு இப்போது தெரியும். டிப்ஸ் காரணம் இல்லை, என் காது. நாளைக்கு மன்றத்திலும் அதையே எழுதுவேன். கூர்காது என்ற பெயரிலேயே எழுதுவேன். அதற்கு உன் உதவி வேண்டாம்.

இந்த வீட்டுக்குள் நடக்க வேண்டியதைத்தான் எனக்கு எழுத வரவில்லை. அம்மா நடு அறையில் தூங்குகிறாள். இப்போதே எழுப்புவதா, விடியட்டும் என்று விடுவதா? எழுப்பினால் முதல் வாக்கியத்தை யார் சொல்வது? "சொன்னேன்ல" என்று அம்மா சொல்லாமல் இருக்க என்ன செய்வது? நான் எழுதினால் எல்லா முடிவும் பயந்த முடிவாகவே வருகிறது. மேலே நாலு இருக்கின்றன, பார்த்திருப்பாய். அதனால் ஐந்தாவதை உன்னிடம் கொடுக்கிறேன். நாலரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நோட்டை உன் மடியில் வைத்துவிட்டு நான் கண்ணை மூடிப் படுத்துக்கொள்கிறேன். படித்து முடித்ததும் என்னைக் கூப்பிடாதே.

தோளைத் தொடு.