இரண்டு சதவீதம்

செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில் இருந்தவர்கள்: மேலாளர் வெலிங்டன் செதேன்யோ, வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் யாதிரா, பழுது பார்க்கும் ஃபவுஸ்தோ, நான். மற்ற ஏழு நாற்காலிகள் காலி. அவற்றில் ஒன்றுக்குரியவர் முந்தின வாரம் இறந்துவிட்டார்.

தொற்றுநோய் பரவிய அந்த ஏப்ரலில் எங்கள் ஊரான குவாயாகிலில் மதியம் இரண்டு மணிக்கே ஊரடங்கு. எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தது ஒரு வண்டிக்கான அனுமதிச் சீட்டு. நாளுக்கு ஒரு வாடிக்கையாளரைத்தான் பார்க்க முடியும். நாங்கள் விற்ற சர்வர்கள் வாங்கியவர்களின் கட்டடங்களிலேயே இருந்தன. நேரில் போனால்தான் வேலை நடக்கும்.

யாரிடம் முதலில் போவது என்று பட்டியல் போட்டவன் நான். அறுபத்திரண்டு பேரில் யார் எங்களை விட்டுப் போக எத்தனை சதவீத வாய்ப்பு என்று கணக்கிட்டேன். ஒவ்வொரு சர்வரும் காலை ஆறு மணிக்கு எங்களுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். மூன்று நாள் வராவிட்டால் ஆபத்து. அண்மையில் வந்த ஒவ்வொரு புகாருக்கும் ஐந்து சதவீதம் கூடும்.

"மேல இருக்கிற மூணும் பெரிய ஆஸ்பத்திரி. வண்டி அங்கதான் போகணும்," என்றார் வெலிங்டன். "கடைசியில யாரு?"

"அஞ்சுந்தியா ரத்தப் பரிசோதனை நிலையம். ரெண்டு சதவீதம்."

"அந்த ஓனர் தோன் லிசாந்த்ரோவா?" என்றாள் யாதிரா. "பதினோரு வருஷமா திங்கக்கிழமை தவறாம போன் பண்ணித் திட்டுற மனுஷன். என் புருஷன்கூட என்னை அவ்வளவு ஒழுங்கா நெனச்சதில்ல."

"மூணு வாரமா ஒரு புகாரும் இல்ல. சர்வர் ஒரு நாள்கூடத் தவறல," என்றேன்.

"அதத்தான் கேக்கறேன். மூணு திங்கக்கிழமையா கூப்பிடல. நான் கூப்பிட்டாலும் எடுக்கல. தனியா இருக்கிற கெழவர். நீ ரெண்டு சதவீதம் போடுற, இன்ஜினியர்."

எங்கள் ஊரில் கணினி முன் உட்கார்ந்தவன் எவனும் இன்ஜினியர்தான். நான் இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டவன் என்பது அவளுக்குத் தெரியும்.

"புகார் நின்னா திருப்தியா இருக்காருன்னு அர்த்தம்," என்றார் வெலிங்டன். "என்ன, இன்ஜினியர்?"

"கணக்கு அப்படித்தான் சொல்லுது," என்றேன்.

வண்டி மூன்று நாளும் ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. வெள்ளிக்கிழமைக்கு அவசரமானவர்கள் யாரும் மிஞ்சவில்லை. நான் கீழே இறங்கியபோது யாதிரா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"ஏறு," என்றாள். "உன் ரெண்டு சதவீதத்தைப் பார்த்துட்டு வரலாம்."

சர்வர் இருக்கும் இடத்துக்கு ஒரு சாவி எங்களிடமும் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வண்டியை ஓட்டி வந்த ஃபவுஸ்தோ நிலையத்தின் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திறந்தான். முன்னறையில் யாருமில்லை. அவர் குடியிருந்த பின்னறைக் கட்டிலிலும் இல்லை.

சர்வர் அறையில் இருந்தார். அந்த வீட்டில் ஏசி இருந்த ஒரே அறை அது. காய்ச்சலுக்குக் குளிர்ச்சி தேடி வந்திருக்க வேண்டும். தரையில் தலையணை, காலித் தண்ணீர் பாட்டில்கள். நாற்காலியில் சாய்ந்தபடி இறந்திருந்தார். அவர் தலைக்கு மேல் சர்வரின் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

ஃபவுஸ்தோ சிலுவை போட்டுக்கொண்டான். யாதிரா தன் மேலங்கியைக் கழற்றி அவர் முகத்தை மூடினாள்.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். சர்வரின் பதிவைத் திறந்தேன். கடைசியாக விசை தட்டப்பட்டது புதன்கிழமை மாலை நான்கு பத்துக்கு. எங்கள் புகார்ப் படிவம் திறந்திருந்தது. பதினோரு வருடத்தில் அவர் அதைத் தொட்டதில்லை. போன்தான் அவர் பழக்கம்.

'போன் செத்துப் பல நாள் ஆச்சு. ஃபவுஸ்தோவை அனுப்புங்க. இந்த வாட்டியாவது நேரத்துக்கு.'

அனுப்பு என்ற பொத்தான் அழுத்தப்படவில்லை.

"எப்போ?" என்றாள் யாதிரா.

"புதன்."

கூட்டம் நடந்தது செவ்வாயன்று.

சடலம் எடுப்பவர்களின் எண்ணை முப்பது தடவைக்கு மேல் அடித்தோம். கடைசியில் ஒருவர் பெயரை எழுதிக்கொண்டு, நாலு நாளாகும் என்றார். மணி ஒன்றேகால்.

"மெஷினை நிறுத்தவா?" என்றான் ஃபவுஸ்தோ.

ஏசியும் சர்வரும் ஒரே இணைப்பில் ஓடின.

"வேணாம்," என்றேன். "குளிர் இருக்கட்டும்."

நாளை காலை ஆறு மணிக்கும் அவரிடமிருந்து சமிக்ஞை வரும்.

"நான் இங்கேயே இருக்கேன்," என்றேன்.

"இருந்து?" என்றாள் யாதிரா. என் பட்டியலை மடியில் வைத்துக் கீழிருந்து மேலாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "அஞ்சு சதவீதத்துக்குக் கீழ இன்னும் ஒன்பது பேர் இருக்காங்க. யாரு போன் எடுக்கலன்னு இன்னிக்கே பாக்கணும். ரெண்டு மணிக்கு மேல போலீஸ்காரன் பிடிச்சா அனுமதிச் சீட்டைப் பிடுங்கிடுவான். எழுந்திரு."

எழுந்தேன். நான் வாசலைத் தாண்டியதும் ஃபவுஸ்தோ கதவை இழுத்துச் சாத்தி, எங்கள் சாவியால் இரண்டு சுற்றுப் பூட்டினான்.